இரண்டாங்கட்டில் ஒரு பாய்

கேள்வி: எனக்கு 52 வயது, அவருக்கு 58. கல்யாணமாகி 29 வருஷம். அதில் 14 வருஷம் அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். நான் பிள்ளைகளோடு தேவகோட்டைப் பக்கம் எங்கள் பெரிய வீட்டில் இருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். பிரஷருக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார், இன்னும் இறங்கவில்லை. அவர் குறட்டையால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சில சமயம் குறட்டை சட்டென்று நின்றுவிடும், அப்போதுதான் எனக்கு முழிப்பே வரும். எனக்கும் நடுராத்திரியில் வேர்த்துக் கொட்டுகிறது. எங்கள் கட்டில் மாமியார் சீரில் வந்த பழைய தேக்குக் கட்டில், அகலம் நாலடிதான் இருக்கும். இரண்டு மாதமாக, அவர் தூங்கியதும் எழுந்து போய், வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறேன். அங்கே போயும் இரண்டு மணி வாக்கில் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன். போன வாரம் அவர் முழித்துப் பார்த்துவிட்டார். “பதினாலு வருஷம் அங்கே தனியாப் படுத்தேன். வீட்டுக்கு வந்தும் தனியாவா?” என்று கேட்டார். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. 84 வயது மாமியார், “கட்டில் பிரிஞ்சா குடும்பம் பிரிஞ்சிரும்” என்கிறார்கள். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், வீடு நிறையச் சம்பந்தி வீட்டார் வருவார்கள். தனித்தனியாகப் படுப்பது தப்பா, டாக்டர்? பெயர் போட வேண்டாம்.

பதில்:

ஆச்சி,

தப்பில்லை. கேட்ட கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஆனால் இதைப் படித்த கையோடு தலகாணியைத் தூக்கிக்கொண்டு நிரந்தரமாக இரண்டாங்கட்டுக்குக் குடிபோய்விடாதீர்கள். உங்கள் கடிதத்துக்குள் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் தெரியாமல் நீங்கள் அந்த அறையை விட்டு நகர்வதில் எனக்குச் சம்மதமில்லை.

(ஆச்சி என்று கூப்பிட எனக்கே பழக வேண்டியிருந்தது. நான் திருநெல்வேலிக்காரி, எங்கள் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி. காரைக்குடிக்கு வந்த புதிதில் முப்பது வயதுப் பெண்ணை ஆச்சி என்று அழைக்க நாக்கு கூசும். இப்போது தானாக வருகிறது.)

“குறட்டை சட்டென்று நின்றுவிடும், அப்போதுதான் எனக்கு முழிப்பே வரும்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரான எனக்கு உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான். சத்தத்தில் தூங்கிவிடுகிறவர் சத்தம் நின்றதும் எழுந்துகொள்கிறார் என்றால், உறக்கத்திலும் உங்கள் காது அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறது. இரண்டாங்கட்டுக்குப் போயும் இரண்டு மணிக்கு எழுந்து வருகிறீர்களே, அதுவும் இந்தக் காவல் வேலைதான். பாயை எவ்வளவு தள்ளிப் போட்டாலும் அது விடாது.

குறட்டை விடுகிறவரைப் பார்த்து, “கொடுத்து வைத்த மனுஷன், என்னமா அசந்து தூங்குறார்” என்று சொல்வது நம் ஊர் வழக்கம். நடப்பது வேறு. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிகிறது. காற்றுப் போகும் வழி குறுகி, உள்நாக்கும் அண்ணத்தின் மெல்லிய சதையும் அதிர்வதால் வருவதுதான் குறட்டை. வழி முழுதாக அடைத்துவிட்டால் சத்தமே இருக்காது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க இறங்க, மூளை பதறிப்போய் அவரை அரைகுறையாக எழுப்பும். ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

இதைத் தூக்கத்தில் மூச்சுத்தடை என்கிறோம், ஸ்லீப் ஆப்னியா. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால், அல்லது வெகுவாகக் குறைந்தால், அது ஒரு தடவை. மணிக்கு 5 தடவைக்குக் கீழே என்றால் கவலையில்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மணிக்கு 30 என்பது இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை யாரோ கழுத்தை நெரித்துவிட்டு விடுவது மாதிரி. விடிந்ததும் அவர் என்னவோ “நல்லாத்தான் தூங்கினேன்” என்பார்.

கடிதத்தை வைத்துக்கொண்டு நோயின் பெயரை எழுதித் தருவது என் வழக்கமில்லை. சந்தேகப்படக் காரணம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். 58 வயது, இரண்டு மாத்திரைக்கும் அடங்காத பிரஷர், நடுநடுவே நிற்கிற குறட்டை. இன்னொன்று பாருங்கள், உங்கள் வீட்டுச் செட்டியார் போடும் சட்டை என்ன சைஸ்? கடையில் வாங்கும் முழுக்கைச் சட்டைகளில் 40, 42, 44 என்று போட்டிருப்பது பெரும்பாலும் காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில். கழுத்து 40ஐத் தாண்டினால் எங்களுக்குச் சந்தேகம் கூடும். பகலில் பேப்பர் படிக்கும்போதே தலை தொங்குகிறதா, ராத்திரியில் இரண்டு மூன்று தடவை ஒன்றுக்குப் போகிறாரா, எழும்போது வாய் வறண்டு தலை பாரமாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கார் அவர்தான் ஓட்டுகிறார் என்றால் தாமதமே வேண்டாம்.

இந்த விஷயத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. நீங்கள் எழுந்து போய்விட்டால் சாட்சியும் எழுந்து போய்விடுகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தம்பதி வந்தார்கள். “நான் குறட்டையே விடமாட்டேன் டாக்டர், இவளுக்குத்தான் கோழித் தூக்கம்” என்று அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்து ஓடவிட்டார். இருட்டில் எடுத்தது, படம் தெரியவில்லை. மின்விசிறிச் சத்தம், அதற்கு மேலே குறட்டை. அப்புறம் விசிறிச் சத்தம் மட்டும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து, பதினைந்து, இருபது. இருபத்திரண்டாவது விநாடியில் போனே துள்ளுகிற மாதிரி ஒரு இழுப்பு. அது முடிந்ததும், போனுக்கு மிகப் பக்கத்தில், சின்னதாக இன்னொரு மூச்சு கேட்டது. அது அந்த அம்மாவுடையது. அவ்வளவு நேரமும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “இன்னும் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். மூன்று ராத்திரி அதே அறையில் படுங்கள். தூங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிஷம், விடியற்காலை நாலு மணி வாக்கில் ஐந்து நிமிஷம் பதிவு செய்தால் போதும். பின்னிரவில் கனவுத் தூக்கம் அதிகம், சதை இன்னும் தளரும், தடையும் கூடும். ஒரே ஒரு நிபந்தனை, அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். ஏற்கெனவே ஒரு காரியத்தைச் சொல்லாமல் செய்துதான் இந்த வருத்தம்.

பரிசோதனைக்கு மதுரையோ திருச்சியோ போகலாம். ஒரு ராத்திரி அங்கே தங்கித் தூங்க வேண்டும். சிலருக்கு வீட்டிலேயே விரலிலும் நெஞ்சிலும் மாட்டிக்கொண்டு படுக்கும் சின்னக் கருவியே போதும். மூச்சுத்தடை என்று உறுதியானால், நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் முதலில் தருவது சிபேப் என்ற கருவி. மூக்கில் ஒரு முகமூடி, குழாய் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்று, அந்தக் காற்றே தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கும். 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை வெளியிட்டார். ஆரம்பக் கருவிகளுக்கு வாக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் பயன்படுத்தினார்களாம், அதன் சத்தத்துக்குக் குறட்டையே மேல் என்று இருந்திருக்கும். இப்போது வருபவை அமைதியானவை. விலை பத்தாயிரக்கணக்கில் போகும், எனவே வாங்குமுன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். முதல் வாரம் பிடுங்கிப் போடத்தான் தோன்றும், பழக மூன்று நாலு வாரம் ஆகும்.

லேசானது என்றால் ஒருக்களித்துப் படுக்கப் பழக்கலாம். பழைய பனியனின் முதுகில் ஒரு பை தைத்து ரப்பர் பந்து போட்டுவிட்டால், மல்லாக்கப் புரளும்போது அதுவே திருப்பிவிடும். உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடைகள் கால்வாசி அளவுக்குக் குறையலாம். சாயங்காலம் மதுப் பழக்கம் இருந்தால் அது தொண்டையை இன்னும் தளர்த்தும். அசந்து தூங்கட்டும் என்று யாராவது தூக்க மாத்திரை சொன்னால் வாங்காதீர்கள். ராத்திரி ஒன்பதரைக்கு இடியாப்பமும் கோழிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுப்பதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

இனி செட்டியார் கேட்ட கேள்வி. “பதினாலு வருஷம் அங்கே தனியாப் படுத்தேன். வீட்டுக்கு வந்தும் தனியாவா?” இதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். அங்கே ஒவ்வொரு ராத்திரியும் ‘ஊருக்குப் போனதும்’ என்று அவர் போட்டுவைத்த கணக்கில் அந்த நாலடிக் கட்டிலும் இருந்திருக்கும். உங்கள் பக்கக் கணக்கும் உண்டு. 29 வருஷத்தில் 14ஐக் கழியுங்கள். பிள்ளைகள் நடுவில் படுத்த வருஷங்களையும் கழியுங்கள். மிச்சம் என்ன வருகிறது? நீங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் பழகுவது ஏறக்குறைய இப்போதுதான் ஆரம்பம். அவர் வந்தபோது அது அவருக்குக் கிடைத்த இடம். முழுக் கட்டிலிலும் கைகால் நீட்டிப் படுத்துப் பழகிய உங்களுக்கோ பாதி இடம் போயிற்று. இரண்டுமே நியாயம்தான்.

அவர் தூங்கட்டும் என்று காத்திருந்து, சத்தமில்லாமல் கொலுசைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி போயிருக்கிறீர்கள். அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற எண்ணம்தான், எனக்குப் புரிகிறது. நடுராத்திரி முழித்துப் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தவருக்கு அது எப்படிப் புரியும்? இரண்டு மாதமும் தினம் இப்படித்தான் நடந்ததா என்று அவர் பின்னோக்கி எண்ணியிருப்பார். நீங்கள் வேறிடத்தில் படுத்ததைவிட அந்த எண்ணல்தான் அவரைச் சுட்டிருக்கும்.

ஆகவே பேச்சை நீங்கள் ஆரம்பியுங்கள். ராத்திரி விளக்கணைக்கும் நேரத்தில் வேண்டாம், அப்போது எது பேசினாலும் சண்டைதான். காலைக் காப்பியோடு முகப்பில் உட்கார்ந்திருப்பார் இல்லையா, அப்போது. “உங்க குறட்டையால என் தூக்கம் போச்சு” என்று தொடங்கினால் அது புகார். “ராத்திரி உங்க மூச்சு நின்னு நின்னு வருது, எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு மணிக்கு நான் தினம் வந்து பார்க்கிறது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது நீங்கள் எழுந்து போனது மட்டும். திரும்பி வந்து பார்த்தது தெரியாது.

அடுத்து மாமியார். கோபப்படாமல் அவர்களிடம் ஒன்று விசாரியுங்கள், அந்தச் சீர்க் கட்டிலில் மாமனாரோடு எத்தனை வருஷம் படுத்தார்கள் என்று. எனக்குத் தெரிந்தவரை, இந்த ஊர்ப் பழைய வீடுகளில் முற்றமும் தாழ்வாரமுமான வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் சாமானுக்கும் சாமிக்கும்தான் பாதி. ஆண்கள் காற்றாடத் திண்ணையிலும் முகப்பிலும், பெண்கள் பிள்ளைகளோடு உள்ளே பாயிலும் என்றுதான் பெரும்பாலான இரவுகள் போயிருக்கின்றன. அதுவும் ஆண்கள் ஊரில் இருந்தால். அவர்களுடைய மாமியார் காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் திரும்பினார்கள். நடுவில் கடலே கிடந்தது. உங்கள் நகரத்தார் கோயில் கணக்கில் அப்போதும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே புள்ளியாக, அதாவது ஒரே குடும்பமாகத்தான் இருந்தார்கள். இதைச் சொல்லி அந்தக் காலத்தை நான் உயர்த்தவில்லை. அந்த ஆச்சிகள் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தார்கள் என்று யாரும் கணக்கு எழுதவில்லை.

இன்னொன்றும் ஆத்திரம் வந்தால் கேட்கலாம். கல்யாணமான மகனுக்கு ஒரே வீட்டுக்குள் அடுப்பைத் தனியாக்கித் தருவதற்கு ‘வேறு வைப்பது’ என்று முறையே வைத்திருப்பவர்கள் நீங்கள். வெளியூர்க்காரியான எனக்கு முதலில் அது திகைப்பாக இருந்தது. அடுப்பு வேறானால் குடும்பம் உடையும் என்று இங்கே யாரும் பயப்படவில்லை, உடையாமலிருக்கத்தான் வேறு வைத்திருக்கிறார்கள். உலையைப் பிரிக்கத் தெரிந்த ஊருக்குப் பாயைப் பிரிப்பது பெரிய விஷயமா?

இங்கிலீஷ் பத்திரிகைகள் இதற்கு ‘ஸ்லீப் டைவர்ஸ்’ என்று பேர் வைத்திருக்கின்றன. வைத்தவர் அன்றைக்குச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2023இல் எடுத்த கணக்கில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் எப்போதாவதோ வழக்கமாகவோ துணையை விட்டு வேறு அறையில் படுப்பதாகச் சொன்னார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ஜெர்மனியில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், சேர்ந்து படுத்த இரவுகளில் கை கால் அசைவு கூடியிருந்தாலும் கனவுத் தூக்கம் கூடுதலாகவும் சிதறாமலும் இருந்தது. பார்த்தது பன்னிரண்டே ஜோடிகளை, அதுவும் குறட்டைப் பிரச்சினை இல்லாத இளவயதுக்காரர்களை. உங்கள் வீட்டுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

எல்லாப் பழியையும் அவர் தொண்டைமேல் போட்டுவிடவும் முடியாது. 52 வயதில் நடுராத்திரி வேர்வை என்றால் மாதவிடாய் நிற்கும் காலத்து உடம்புச் சூடாக இருக்கலாம். தனியாகப் படுத்தாலும் அது எழுப்பும். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், தைராய்டையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

வீடும் கொஞ்சம் குற்றவாளிதான். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துக் கண்ணாடியாக இழைத்த சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், மேலே உயரமான மரக்கூரை. அழகு, ஆனால் சத்தத்தை எதுவும் விழுங்காது. ஓர் ஓரத்தில் விட்ட குறட்டை மறு ஓரத்தைத் தட்டித் திரும்பி வரும். அறையில் கனமான திரை தொங்கவிட்டு, தரையில் ஜமக்காளம் விரித்து, மரக்கதவைச் சாத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கட்டிலுக்கு வருவோம். நாலடியை இரண்டாகப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டடி. தோள் அகலமே ஒன்றரை அடி போய்விடும். புரளக்கூட இடமில்லாத இடத்தில் யார் தூங்கினாலும் கோழித் தூக்கம்தான். இப்போது கடையில் கிடைக்கும் பெரிய கட்டில் ஆறடி அகலம். அறை கொள்ளாது என்றால், அதே அறையில் இன்னொரு ஒற்றைக் கட்டில் போடுங்கள். போர்வை ஆளுக்கொன்று. எங்கள் வீட்டில் இப்படித்தான், பத்து வருஷமாக. என் வீட்டுக்காரர் ஒரு மணி வரை போன் வெளிச்சத்தில் படிப்பார், நான் ஐந்து மணிக்கு எழுபவள். முதல் மாதம் இரண்டு பேருக்குமே ஒரு மாதிரி இருந்தது.

நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். படுப்பது வேறு, உறங்குவது வேறு. தனித்தனியாக உறங்கும் தம்பதிகளில் தொடுகை குறைந்துபோகும் ஆபத்து உண்டு. தானாக நடந்ததற்கெல்லாம் இனி ஒருவர் எழுந்து வர வேண்டும். ஆகவே உறங்கும் இடம் எதுவானாலும், விளக்கணைக்கும் முன் அரைமணி நேரம் அந்தத் தேக்குக் கட்டிலில் இரண்டு பேரும் இருங்கள். பேசினாலும் சரி, பேசாமல் கால் பிடித்துவிட்டாலும் சரி. அதற்கப்புறம் நீங்கள் பாய்க்குப் போவது அவர் கண் முன்னால் நடக்கட்டும். சில ராத்திரி அவரே இரண்டாங்கட்டுக்குப் போகட்டும், எப்போதும் நீங்களே கிளம்ப வேண்டும் என்று என்ன இருக்கிறது?

சம்பந்தி வீட்டாரை நினைத்துக் கவலைப்படாதீர்கள். உங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் யார் எங்கே படுத்தார்கள் என்று யாருக்குத் தெரியப்போகிறது? வளவு முழுக்க ஜமக்காளம் விரித்து வரிசையாகப் படுத்திருப்பார்கள், அதில் நாலு குறட்டையாவது இருக்கும்.

தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, பரிசோதனைக்கும் கருவி பழகுவதற்கும் தாராளம். அதற்குள் ஒரு தடவை இரண்டு பேருமாக வாருங்கள். பிரஷர் மாத்திரை அட்டையையும், பதிவு செய்த போனையும் எடுத்து வாருங்கள். அதை நான் கேட்பதற்கு முன்னால் செட்டியார் வீட்டிலேயே ஒருமுறை கேட்டிருந்தால் நல்லது.